பொருளும் பண்பும்: ஒன்றை நோக்கி ஏனையவற்றை விடும் பார்வை

வன்னிப் பெருநிலத்திலே புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் காலபோக விதைப்பு நடைபெறுகின்றது. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம் முதலிய குளங்களின் கீழுள்ள வயல்களிலும், வானத்தை நம்பிய மானாவாரி நிலங்களிலும் நெல்லை வீசி விதைப்பதே பெருவழக்கு. வீசி விதைத்த வயலில் வரிசை இல்லை. ஆகவே, முளைத்துச் சாணளவு உயர்ந்த பசுமையினுள்ளே எது பயிர், எது களை என்பதை அது நிற்கும் இடங்கொண்டு அறிதல் இயலாது. பட்டணத்து மாணவன் ஒருவனைக் களை பிடுங்க விட்டால், அவன் இரண்டு தாள்களைக் கையிற் பிடித்துக்கொண்டு நெடுநேரம் மயங்கி நிற்பான். அவனருகே குனிந்து நிற்கும் மூதாட்டியின் கையோ தயங்குவதில்லை. அவள் கண் மாணவன் கண்ணினும் கூரியதன்று. முதுமையால் மங்கியதாகவும் இருக்கலாம். ஆயின், மாணவன் பயிர் முழுவதையும் பார்க்கின்றான். அவள் அதன் ஒரு கூற்றை மாத்திரம் பார்க்கின்றாள். வேறுபாடு இவ்வளவே. அக்கூறு யாது என்பதைப் பின்னர்க் கூறுவாம்.

கட்புலனாகும் பொருள் ஒவ்வொன்றும் பல பண்புகளின் உறைவிடம். நிறம், வடிவு, அளவு, எண், சாய்வு, மேற்பரப்பின் தன்மை ஆகிய யாவும் ஒருங்கே கண்ணிற் படுகின்றன. இவற்றுள் ஒன்றனை மாத்திரம் தெரிந்து, அதன்மேல் மனத்தை ஊன்றி, ஏனையவற்றை இல்லாதன போல விட்டுவிடும் ஆற்றலை உளநூலார் தெரிவுக் கவனம் என்பர். அஃது எளிய செயல்போலத் தோன்றும். உண்மையில் அது பிறவியிலே முழுமையாக அமைந்ததன்று. சிறிது சிறிதாகப் பயின்று பெறுவதாகும். எந்தப் பண்பினைத் தெரிந்து நோக்குவது என்னும் முடிபிலே ஒருவனது கல்வியும், சில வேளைகளில் அவனது உயிரும் தங்கியிருத்தல் கூடும். இதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

பொருளையும் அதன் பண்பையும் வேறு வேறாகப் பிரித்தெண்ணுதல் நம் முன்னோர்க்குப் புதியதன்று. தொல்காப்பியர் உவமை தோன்றும் வகைகளை மெய், உரு, வினை, பயன் என நான்காக வகுத்தார். மெய் என்பது வடிவு. உரு என்பது நிறம். 'துடியிடை' என்றவிடத்து உடுக்கையின் வடிவு மாத்திரமே கொள்ளப்படும். அதன் ஓசையோ தோலோ கொள்ளப்படா. 'பவளவாய்' என்றவிடத்து நிறம் மாத்திரமே கொள்ளப்படும்; பவளத்தின் வன்மையைக் கொண்டால் உவமை கெட்டொழியும். ஆகவே, உவமையை உணர்பவன் ஒரு பண்பை எடுத்து ஏனையவற்றை விடுகின்றான். வைசேடிகர் திரவியம் வேறு, குணம் வேறு எனப் பிரித்து, குணங்களை இருபத்துநான்காக எண்ணினர். அவருள்ளும் உருவம் என்பது நிறத்தையே குறிக்கும். அளவு பரிமாணம் எனத் தனியே எண்ணப்படும். சைவ சித்தாந்திகளோ குணமும் குணியும் தாதான்மியமாய், ஒன்றையொன்று விட்டு நீங்காது நிற்பன என்பர். பண்பு பொருளினின்றும் பிரியாது நிற்கவும் அறிவு அதனைப் பிரித்துக் காண்பது எங்ஙனம் என்னும் வினாவையே இக்கால உளநூலார் சோதனைச் சாலையிற் கொண்டுவந்து வைத்தனர் எனலாம்.

குழந்தை உலகை எவ்வாறு பகுக்கின்றது? 1977ஆம் ஆண்டிலே லிண்டா ஸ்மித், டெபோரா கெம்லர் என்னும் அமெரிக்க உளநூலார் இருவர் இது பற்றிய ஓர் ஆய்வினை வெளியிட்டனர். அளவாலும் வெளிர்மையாலும் வேறுபடும் சதுரங்கள் மும்மூன்றாகக் குழந்தைகளுக்குக் காட்டப்பட்டன. அவற்றுள் முதலிரண்டும் ஒரு பண்பிலே முற்றும் ஒத்தவை; மற்றைப் பண்பிலே மிகவும் வேறானவை. மூன்றாவது சதுரமோ முதலாவதனோடு எப்பண்பிலும் முற்றும் ஒவ்வாது. ஆயினும் இரண்டு பண்பிலும் அதற்கு அணித்தாய் நின்றது. 'ஒன்றோடொன்று சேர்வன எவை?' என்று வினவியபொழுது, வயதில் மூத்த சிறுவர் ஒரு பண்பில் முற்றும் ஒத்த இரண்டினையும் சேர்த்தனர். சிறு குழந்தைகளோ ஏறக்குறைய எல்லாவற்றாலும் ஒத்துத் தோன்றிய இரண்டினையும் சேர்த்தனர். அதாவது, குழந்தை பொருளை மொத்தமாகக் காண்கின்றது; வளர்ந்தவன் கூறுகூறாகக் காண்கின்றான். 'இவை இரண்டும் அளவால் ஒன்று' என்று சொல்லுதற்கு நிறத்தை மறக்கத் தெரிந்திருத்தல் வேண்டும். மறத்தலும் ஓர் அறிவே.

எனினும் எல்லாப் பண்புகளும் ஒரே எளிமையோடு பிரிவனவல்ல. இவ்வுண்மையை விளக்கியவர் வென்டெல் கார்னர் என்பவர். அவர் 1970இல் பெல்பொல்டி என்பாரோடு சேர்ந்து செய்த ஆய்வும், 1974இல் வெளியிட்ட நூலும் இத்துறையில் அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றன. அவரது முறை எளியது. அட்டைகளை ஒரு பண்புகொண்டு விரைவாக இரண்டு குவியலாகப் பிரிக்கச் செய்வர். ஒரு முறை மற்றைப் பண்பு மாறாது நிற்கும். மறுமுறை அது தாறுமாறாக மாறும். வேண்டாத பண்பு மாறும்பொழுது பிரிப்பவனது வேகம் குறையுமாயின், அவன் அதனை விட விரும்பியும் விட முடியாதவனாயிருக்கின்றான் என்பது தெளிவாம். ஒரு வண்ணத்தின் வெளிர்மையும் அதன் செறிவும் இத்தகைய பிணைந்த பண்புகள். வட்டமொன்றின் அளவும், அதனுள் வரைந்த கோட்டின் சாய்வும் அங்ஙனம் அல்ல. ஒன்று எவ்வாறு மாறினும் மற்றையதை நோக்குவான் கவனம் சிதறுவதில்லை. முன்னையவற்றைப் பிணைந்தவை எனவும் பின்னையவற்றைப் பிரிவன எனவும் கூறலாம். குணமும் குணியும் பிரியாமை ஒருபுறமிருக்க, குணத்தோடு குணமும் சிலவிடத்துப் பிரியாது நிற்றல் ஈண்டு அறியத்தக்கது.

செவ்வகத்தின் நீளமும் அகலமும் இவ்வாறு பிணைந்து நிற்பன. இவற்றுள் ஒன்றனை மாத்திரம் மதிப்பிட முயல்வான் மற்றையதனாலும் இழுக்கப்படுவான். வகுப்பிலே பரப்பளவு கற்பிக்கும் ஆசிரியர் 'நீளத்தைப் பார்' என்று சொன்னவுடனே மாணவன் நீளத்தை மாத்திரம் பார்த்துவிடுவான் என்று எண்ணுதல் தவறாம். இதற்கு மறுதலையான தவறும் உண்டு. சுவிற்சர்லாந்து அறிஞர் பியாசே காட்டிய சோதனை ஆசிரியர் பலரும் அறிந்ததே. அகன்ற பாத்திரத்திலுள்ள நீரைக் குழந்தையின் கண்ணெதிரே ஒடுங்கிய உயர்ந்த பாத்திரத்தில் வார்த்தால், நீர் கூடிவிட்டது என்று குழந்தை சொல்லும். உயரத்தைக் கண்ட கண் அகலத்தைக் காணவில்லை. ஆகவே ஒரு பண்பினைப் பற்றிக்கொள்ளுதல் மாத்திரம் அறிவாகாது. வேண்டியதைப் பற்றுதலும், வேண்டாததை விடுதலும், வேண்டும்பொழுது இரண்டனையும் ஒருங்கு கொள்ளுதலும் ஆகிய மூன்றும் கூடியவழியே அஃது அறிவாம்.

இனி, தேடுதலிலே இவ்வாற்றல் எங்ஙனம் தொழிற்படுகின்றது என நோக்குவோம். ஆன் திரீஸ்மன், காரி கெலேட் என்போர் 1980இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு ஒளி தருவது. பச்சை எழுத்துக்கள் பலவற்றிடையே சிவப்பெழுத்து ஒன்று நின்றால், எழுத்துக்கள் ஐந்தாயினும் முப்பதாயினும் அது கண்ணிலே தானே பாயும், தேடவேண்டுவதில்லை. ஆயின், ஒரு நிறமும் ஒரு வடிவும் கூடிய எழுத்தினை, அந்நிறத்தன சிலவும் அவ்வடிவின சிலவுமாகக் கலந்து கிடப்பவற்றினிடையே தேடினால் நிலைமை வேறாம். அப்பொழுது கவனம் ஒவ்வொன்றிடத்தும் சென்று மீளவேண்டியிருத்தலின், பொருள்களின் தொகை கூடுந்தோறும் தேடும் காலமும் கூடும். தனிப்பண்பு கண்ணை அழைக்கும். பண்புச் சேர்க்கையை மனம் சென்று அழைத்துவரல் வேண்டும். பசும்புல்லினிடையே செங்காந்தள் மலர் காண்பார்க்குத் தேடலே இல்லை. நெல்லினிடையே நெல்போன்ற புல்லைக் காண்பார்க்கு அது முழுதும் தேடலேயாம்.

ஒரு பண்பினின்றும் மற்றொரு பண்பிற்குக் கவனத்தை மாற்றுதல் மேலும் அரியது. 1948இல் எஸ்தா பேர்க், டேவிட் கிராண்ட் என்போர் அமைத்த அட்டைச் சோதனை ஒன்று விஸ்கொன்சின் சோதனை என இன்றும் வழங்குகின்றது. முக்கோணம், விண்மீன், சிலுவை, வட்டம் என்னும் நான்கு வடிவுகள். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்னும் நான்கு நிறங்கள். ஒன்று முதல் நான்கு வரையான எண்ணிக்கை. இவை கூடிய அட்டைகளை எப்பண்புகொண்டு சேர்ப்பது எனச் சொல்லாமல், 'சரி', 'பிழை' என்று மாத்திரம் சோதிப்பவர் சொல்வார். அடுத்தடுத்துப் பத்து அட்டைகள் சரியாக வந்ததும், முன்னறிவிப்பின்றி விதி மாற்றப்படும். பிறெண்டா மில்னர் 1963இல் வெளியிட்ட ஆய்வின்படி, மூளையின் முன்பகுதியிலே சிதைவுற்றோர் 'பிழை, பிழை' என்று கேட்டும் பழைய பண்பினையே பற்றி நின்றனர். கண் நன்றாயிருந்தது, நிறமும் வடிவும் தெரிந்தன, ஒன்றனை விட்டு மற்றொன்றனைப் பற்றும் ஆற்றலே குறைந்திருந்தது. ஆகவே தெரிவுக் கவனம் கண்ணின் தொழிலன்று, கண்ணை ஆளும் அறிவின் தொழில் என்பது பெறப்படும்.

மூன்று வயதுக் குழந்தைகளிடமும் இத்தன்மை காணப்படும். பிலிப் செலாசோவும் அவர்தம் கூட்டாளிகளும் 1996இல் எழுதிய ஆய்விலே, சில அட்டைகளை முதலில் ஒரு பண்புகொண்டு, நிறங்கொண்டென வைத்துக்கொள்வோம், பிரித்த குழந்தைகளிடம், 'இனி வடிவினாற் பிரி' என்று கூறப்பட்டது. மூன்று வயதினர் பலர் புதிய விதியைத் தம் வாயாலே சரியாகச் சொல்லினர். கையோ பழைய விதிவழியே சென்றது. நான்கைந்து வயதாகும்பொழுது பெரும்பாலார் இதனைக் கடந்துவிடுகின்றனர். 2003இல் நடாசா கேர்க்கம், அடேல் டயமண்ட் முதலியோர் ஒரு சிறு மாற்றஞ் செய்தனர். ஒவ்வோர் அட்டையையும் இடுமுன் அதன் வேண்டிய பண்பினைக் குழந்தையே பெயர்சொல்லுமாறு செய்தனர். கையிலுள்ள அட்டையைக் குழந்தை தானே வடிவின் பெயரால் அழைத்தபொழுது, சரியாகப் பிரித்தோர் தொகை தெளிவாகக் கூடியது. பண்பிற்குப் பெயரிடுதல் கவனத்திற்குக் கைப்பிடி கொடுத்தலை ஒக்கும்.

இதனை நம் பள்ளிக்கூடத்து ஆசிரியர் முன்பே உணர்ந்திருந்தனர் போலும். அரிச்சுவடி தொடங்கும் குழந்தைக்கு எழுத்தின் நிறமும் அளவும் பொருட்டல்ல. தட்டிலிட்ட பச்சையரிசியிலே விரலால் எழுதினும், கரும்பலகையிலே வெண்கட்டியால் எழுதினும் அகரம் அகரமே. வடிவின் ஒரு சிறு கூறே எழுத்தை எழுத்தினின்றும் பிரிக்கின்றது. எகரமும் ஏகாரமும் ஒரு கீழ்க்கோட்டினால் வேறாவன. ணகரமும் னகரமும் சுழியின் எண்ணிக்கையால் வேறாவன. 'மூன்று சுழி ண, இரண்டு சுழி ன' என்று நம் ஆசிரியர் பெயரிட்டு வழங்கினர். அப்பெயரிலே குழந்தை எதனைப் பார்க்கவேண்டும் என்னும் கட்டளை முழுவதும் அடங்கிக் கிடக்கின்றது. 'உற்றுப் பார்' என்று நூறுமுறை சொல்வதினும் 'சுழியை எண்ணு' என்று ஒருமுறை சொல்லுதல் மேலானது. முன்னையது முயற்சியை வேண்டுகின்றது. பின்னையது வழியைக் காட்டுகின்றது.

மூதாட்டியின் வயலுக்கு மீள்வோம். நெல்வயல்களிலே பெருகும் களைகளுட் கொடியது குதிரைவாலி இனத்தைச் சேர்ந்த ஒரு புல்லாகும். இளமையில் அது நிறத்தாலும் உயரத்தாலும் இலையின் நீட்சியாலும் நெல்லையே ஒக்கும். ஆயின் இலைப்பரப்பு தண்டினை விட்டு விலகும் மூட்டினை நோக்கினால் ஐயம் தீரும். நெல்லிலே அவ்விடத்து மெல்லிய சவ்வொன்று நாக்குப்போல நீண்டு நிற்கும்; அதன் இருமருங்கும் மயிருடைய சிறு செவிகள் தண்டினைத் தழுவும். அந்தப் புல்லிலே நாக்கும் இல்லை, செவியும் இல்லை; மூட்டு வெறுமையாயிருக்கும். நிறத்தையும் உயரத்தையும் விட்டு இம்மூட்டினை மாத்திரம் பார்ப்பவன் ஒரு நாளிலே களை தெரிந்தவனாகிவிடுவான்.

இப்புல் நெல்லை ஒத்தது எவ்வாறு? அது தற்செயலன்று. பயிர்போலத் தோன்றும் களை பிடுங்குவோர் கைக்குத் தப்பி விதை சிந்தும், தோன்றாதது அழிந்துபோம். தலைமுறை தலைமுறையாக இங்ஙனம் நிகழவே, களை பயிரின் வேடம் பூணும். இதனை விளக்கிய உருசிய அறிஞர் நிக்கலாய் வவிலோவ் (1887–1943) என்பார் பெயராலேயே இவ்வேடம் வழங்கப்படுகின்றது. சீன ஆய்வாளர் 2019இல் இக்களையின் மரபணுக்களை ஆராய்ந்து, யாங்சி ஆற்றுப் படுகையிலே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இவ்வேடம் தோன்றியது எனவும், படர்ந்து விரிந்த தூர்கள் நெல்லின் தூர்கள்போல நிமிர்ந்தமை அதன் முக்கிய கூறு எனவும் கண்டனர். சிந்திக்கத்தக்கது யாதெனின், உழவன் தொலைவிலே நின்று எக்கூறுகளைப் பார்த்தானோ அக்கூறுகளிலேயே களை நெல்லை ஒத்தது. அவன் பாராத இலைமூட்டிலே ஒவ்வாது நின்றது. மனிதக் கண்ணின் கவனம் ஒரு செடியின் உருவத்தையே செதுக்கியிருக்கின்றது. மேலும், பலரும் பார்க்கும் பண்பு பகைவனாற் பொய்யாக்கப்படலாம் என்பதும் இதனாற் போதரும்.

களை பிடுங்குவதிலே பிழைத்தால் ஒரு கைப்பிடி நெல் போகும். வன்னியிலே அதனினும் கொடிய பிழைக்கு இடமிருந்தது. இன்றும் சிலவிடங்களில் இருக்கின்றது. 2009ஆம் ஆண்டு மே மாதத்திலே போர் முடிந்தபின், செட்டிகுளத்து முகாம்களினின்றும் மீண்டு சென்ற குடும்பங்கள் தம் வளவுகளையும் வயல்களையும் கண்ணிவெடிகளோடு பகிர்ந்துகொள்ள வேண்டியவாயின. கிளிநொச்சி மாவட்டத்தின் வடவெல்லையிலுள்ள முகமாலை, பல்லாண்டு போர்முனையாயிருந்தமையால், உலகிலே மிகச் செறிவாகக் கண்ணிவெடி புதைக்கப்பட்ட நிலங்களுள் ஒன்றாயிற்று. கலோ நிறுவனம், மாக் நிறுவனம், உள்நாட்டு அமைப்புகளான டாஸ், சார்ப் ஆகியன, இராணுவத்தின் கண்ணிவெடி அகற்றும் பிரிவு என்பன அவற்றை அகற்றும் பணியில் ஈடுபட்டன. போரிலே கணவரை இழந்த பெண்கள் பலர் இப்பணியில் அமர்ந்து, முழந்தாளிட்டு மண்ணை அங்குலம் அங்குலமாக நீக்கினர்.

பள்ளிச் சிறுவர்க்கு அபாயக் கல்வி புகட்டப்பட்டபொழுது, வெடிபொருள்களின் படங்கள் காட்டப்பட்டன. இவ்விடத்தே ஓர் இடர் எழுகின்றது. பாக்கித்தானிலே செய்யப்பட்ட பீ-4 என்னும் மிதிவெடி உள்ளங்கையில் அடங்கும் வட்டமான பிளாத்திக்குப் பொருள். விடுதலைப் புலிகளின் ஜொனி மிதிவெடியோ மரப்பெட்டியால் ஆனது. வடிவொன்று கொண்டு இவ்விரண்டையும் ஓரினமாக்குதல் இயலாது. நிறமும் நம்பத்தக்கதன்று, வெயிலிலே வெளிறும், மழையிலே சேறு படியும், மரம் உக்கி மண்ணின் நிறமாகும். அளவோவெனின், பாதி புதைந்த பொருளின் அளவினை யார் அறிவார்? குழந்தைகள் புதிய பொருளொன்றின் பெயரைப் பிறவற்றிற்கு வழங்கும்பொழுது, அளவையோ மேற்பரப்பையோ நோக்காது வடிவினையே நோக்குவர் என்பதை பார்பரா லாண்டோ, லிண்டா ஸ்மித், சூசன் ஜோன்ஸ் என்போர் 1988இல் காட்டினர். வட்டமான பொருளைக் கண்ட குழந்தை தான் அறிந்த பந்தையும் மூடியையும் டப்பாவையும் நினைத்தல் இயல்பேயாம். நாள்தோறும் அதற்கு உதவும் அதே பழக்கம் இவ்விடத்தே கையை முன்னீட்டச் செய்யும்.

கண்ணிவெடி தேடும் கருவியும் ஈண்டு ஒரு பாடம் புகட்டுகின்றது. உலோகத்தை அறியும் அக்கருவி தெரிவுக் கவனத்தின் எல்லையாம். அதற்கு நிறம் இல்லை, வடிவு இல்லை. உலோகம் ஒன்றே உண்டு. ஆகவே அது ஆணிக்கும் ஒலிக்கும், வெற்றுத் தோட்டாவுக்கும் ஒலிக்கும், எறிகணைச் சிதறலுக்கும் ஒலிக்கும். முகமாலைபோலும் போர்க்களத்து மண்ணிலே இவை எண்ணிறந்தன. பிளாத்திக்கு மிதிவெடியிலோ உலோகம் மிகச் சிறிது. ஒரு பண்பினை எவ்வளவு நுட்பமாக நோக்கினும், அப்பண்பு வேண்டியதற்கும் வேண்டாததற்கும் பொதுவாயின் அந்நுட்பத்தாற் பயன் குறைவே. அதனாலேதான் கருவி ஒலித்தபின்னும், கருவியை நம்பமுடியாத விடத்தும், மனிதன் மண்ணை மெல்ல நீக்கித் தன் கண்ணாற் காணவேண்டியதாயிற்று.

எனவே அபாயக் கல்வியின் நடுக்கட்டளை 'இதனை அடையாளங் காண்' என்பதன்று. 'அறியாத பொருளைத் தொடாதே, அணுகாதே, பெரியோர்க்கு அறிவி' என்பதாம். பொருளினின்றும் கவனத்தை விலக்கி எல்லைக் குறியின்மேல் வைத்தலே அதன் அறிவுடைமை. ஐக்கிய நாடுகள் சபையின் சார்பில் ஆன மரபு ஆயுதங்கள் பற்றிய உடன்படிக்கையின் 1996ஆம் ஆண்டுத் திருத்தம் அக்குறி இன்னவாறு இருத்தல் வேண்டும் என விதந்து கூறுகின்றது. முக்கோணமாயின் 28 சதமமீற்றருக்கு 20 சதமமீற்றரிற் குறையாது. சதுரமாயின் பக்கம் 15 சதமமீற்றரிற் குறையாது. நிறம் சிவப்பு அல்லது செம்மஞ்சள். ஒளியைத் திருப்பும் மஞ்சள் விளிம்பு. அபாயத்தைக் காட்டும் சின்னம். அவ்விடத்து மக்கள் மொழியிலே எழுதிய சொல். வன்னியின் வேலியோரங்களிலே சிவப்புப் பலகையும் மண்டையோடும் மும்மொழி எழுத்தும் கண்டோர் இதனை உணர்வர்.

இக்குறியின் அமைப்பினை உளநூற் கண்கொண்டு நோக்குவோம். நிறம், வடிவு, சின்னம், சொல் ஆகிய நான்கும் ஒரே செய்தியைச் சொல்லுகின்றன. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாக் கண்ணுடையான் மண்டையோட்டினைக் காண்பான். எழுத்தறியாதான் நிறத்தைக் காண்பான். இருளிலே விளக்கோடு வருபவன் விளிம்பின் ஒளியைக் காண்பான். காட்டின் பசுமையிலே சிவப்பு, திரீஸ்மன் கூறியவாறு, தேடாமலே கண்ணிற் பாயும். களை பல பண்புகளில் ஒத்து ஒன்றிலே வேறுபட்டது. ஆகவே ஒன்றனைத் தெரிதல் வேண்டியதாயிற்று. குறியோ எப்பண்பினைத் தெரிந்தாலும் ஒரே முடிபினைத் தருவது. ஆகவே தெரியாமலே உய்தல் கூடியதாயிற்று. காண்பவன் ஆற்றலை நம்பாது, எவன் எதனைக் கண்டாலும் பிழையாதபடி அமைத்தலே இதன் சிறப்பு.

இவற்றினின்றும் ஆசிரியர் கொள்ளத்தக்கன சில உள. முதலாவது, மாணவன் எப்பண்பினை நோக்கவேண்டுமோ அதனைப் பெயர்சொல்லிக் காட்டுதல். அவனையும் பெயர்சொல்லச் செய்தல். இரண்டாவது, வேண்டாத பண்புகளை மாற்றி மாற்றிக் காட்டுதல். அடிப்பக்கம் கிடையாக நிற்கும் முக்கோணத்தையே எப்பொழுதும் வரைந்து காட்டினால், சாய்ந்து நிற்பதனை மாணவன் முக்கோணம் என ஏலான். பக்கங்கள் மூன்று என்னும் பண்போடு நிற்கும் நிலையையும் சேர்த்துக் கற்றுவிடுவான். பெரிதும் சிறிதும், சாய்ந்ததும் கவிழ்ந்ததும் காட்டினாலன்றி வேண்டாதது கழியாது. மூன்றாவது, ஒரே பொருட்குவியலை இன்று நிறத்தாலும், நாளை வடிவாலும், மறுநாள் அளவாலும் பிரிக்கச்செய்தல். புளியங்கொட்டையும் சிப்பியும் போத்தல் மூடியும் இதற்குப் போதும். நான்காவது, எப்பண்பும் நம்பத்தகாத இடமும் உண்டு என்பதையும், அவ்விடத்து விலகி நிற்றலே அறிவு என்பதையும் உணர்த்துதல்.

இலங்கை 2017ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்திலே கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. 2018 யூன் 1 முதல் அது நம் நாட்டிற்கு நடைமுறைக்கு வந்தது. புதைந்துள்ளவற்றைப் பத்தாண்டுகளுள் அகற்றுதல் அதன்வழிக் கடமை. மண்ணிலுள்ளவை ஒருநாள் தீரும். சிவப்புப் பலகைகளும் வேலியோரத்தினின்றும் நீங்கும். அன்றும் அந்நிலத்திலே மழை பெய்யும், நெல் விதைக்கப்படும், நெல்லோடு புல்லும் முளைக்கும். அப்பொழுது வயலில் இறங்கும் சிறுவனுக்கு ஒருவர் இலைமூட்டினைக் காட்டி, 'நாக்கைப் பார், செவியைப் பார். மற்றவற்றை விடு' என்று சொல்லல் வேண்டும். அங்ஙனம் சொல்லுவாரைப் பெற்றவன் கற்றவனாவான். கண் யாவர்க்கும் உண்டு. எதனைப் பார்ப்பது என்று காட்டுதலே ஆசிரியன் தொழில்.